சிஇஏ: ஏறுகிறதா, இறங்குகிறதா?

'மூலம், பௌத்திரம் பூரண குணம்' என்ற விளம்பரம் இல்லாத சுவர் தமிழ்நாட்டில் குறைவு. மலத்தில் ரத்தம் போனால் மூலம்தான் என்று தாங்களே முடிவுகட்டி, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகே திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பலர் வேலூர் சிஎம்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறார்கள். பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று அங்கேதான் தெரியவருகிறது. இது முதியவர்களுக்கு மட்டுமே வரும் நோயும் அல்ல. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2013-14இல் 800 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. அவர்களின் சராசரி வயது 47.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "திரும்ப வருமா டாக்டர்?" என்பதுதான். அதற்கு முழுப் பதில் சொல்லும் சோதனை எதுவும் கிடையாது. பாதிப் பதிலையாவது சொல்ல உதவுவது சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1965இல் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றுக்கட்டியில் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றில் வளரும் சிசுவின் குடலிலும் அதே புரதம் இருந்தது. அதுதான் சிஇஏ. பொதுவாக ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராமுக்குள் இருந்தால் இயல்பு. அறுவைக்கு முன்பே அளவு மிகுந்திருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு சராசரியாக அதிகம். கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டால் நான்கு முதல் ஆறு வாரங்களில் அளவு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் உடம்பில் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. இறங்கிய பிறகு மறுபடி ஏறினால் மருத்துவர் முதலில் கல்லீரலையும் நுரையீரலையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்.

ஒற்றை எண்ணை வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே சிஇஏ கூடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். இன்னொரு பக்கம், சிஇஏவை ரத்தத்தில் அதிகம் விடாத கட்டிகளும் உண்டு. அதனால்தான் அறுவைக்கு முந்தைய அளவு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் வரும் எண்களை எதோடு ஒப்பிடுவது? ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவி மாறினால் எண்ணும் மாறும். ஒரே ஆய்வகத்தில் பார்ப்பதுதான் சரி.

விலை குறைந்த வேறு குறிப்புகளும் இருக்கின்றன. சாதாரண ரத்த அணுக்கள் சோதனையில் கிடைக்கும் நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அது கூடுதலாக இருப்பவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் காய்ச்சல் அடித்தாலே அந்த விகிதம் தாறுமாறாகும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கலங்குவதில் அர்த்தமில்லை. ரத்தத்தில் ஆல்புமின் குறைந்து, அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடுவதும் நல்ல அறிகுறி அல்ல.

புதிதாக வந்திருப்பது, கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் சோதனை. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 455 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த 'டைனமிக்' ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. இந்தச் சோதனையை வைத்து முடிவெடுத்த பிரிவில் 15 சதவீதம் பேருக்கே கீமோ தரப்பட்டது; வழக்கமான முறையில் அது 28 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் நோய் திரும்பியதில் பெரிய வித்தியாசம் இல்லை. தேவையில்லாத கீமோவிலிருந்து ஒருவர் தப்புவது சாதாரண விஷயமா? ஆனால் இதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

எட்டுவது சிஇஏதான். பிரிட்டனில் 1,202 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. அறிகுறி தெரிந்தால் மட்டும் பார்க்கப்பட்டவர்களில் 2.3 சதவீதம் பேருக்கே, திரும்பிய நோயைக் குணமாக்கும் நோக்கத்தோடு அறுவை செய்ய முடிந்தது. சிஇஏ மூலம் கண்காணிக்கப்பட்டவர்களில் அது 6.7 சதவீதம். உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒருநாள் சம்பளம் போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும். உடம்பு நன்றாயிருக்கும்போது 'இந்தத் தடவை வேண்டாம்' என்று தோன்றுவது இயல்புதானே. ரத்தத்திலிருந்து பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த சீரத்தில் சிஇஏ சில நாட்கள் கெடாது. செங்கத்திலோ போளூரிலோ ரத்தம் எடுத்து, சிகிச்சை தந்த மருத்துவமனையின் ஆய்வகத்துக்கே அனுப்பிவைக்க ஓர் ஏற்பாடு இருந்தால், அளவு ஏறியவர்கள் மட்டும் பேருந்து ஏறினால் போதும்.