மார்ச் 31-க்குள் பெஞ்ச் வருமா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே குழப்பம்: படகுத்துறைக்குப் பெஞ்ச் ஆர்டர் போட்டாகிவிட்டது என்கிறார்களே, எப்போது வரும்? மீன் எடுக்க வரும் பெண்கள் இன்றும் அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. நிதியாண்டு முடியும் மார்ச் 31 என்பது பணத்துக்கான கெடு, பெஞ்சுக்கானது அல்ல. 'டெலிவரி' என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். பல ஆர்டர்களில், ஆர்டர் போட்ட அலுவலகத்தின் வாசலில் சரக்கு இறங்கினாலே அது டெலிவரிதான். கரையில் பதித்துத் தருவதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

என்னை உறுத்துவது தாமத அபராதம். உதாரணமாக, மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில் அது வாரத்துக்கு 0.5 சதவீதம், உச்சவரம்பு 10 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் பெஞ்சுகளுக்கு வாரம் 500 ரூபாய். 20 வாரத்தில் 10,000 ரூபாயோடு நின்றுவிடும். ஆர்டரை ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் ரத்து செய்தால் டெண்டரை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குத் தயங்கி அலுவலகம் பொறுத்திருந்தால், 21-வது வாரத் தாமதத்துக்கு விலையே இல்லை.

இதை நம் ஊர்ப் பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஆர்டர், மே 31 கெடு, இதே அபராத விதி என்று வைத்துக்கொள்வோம். அபராதம் உச்சத்தைத் தொடும் நாள் அக்டோபர் 18. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். ஈரக் கரையில் குழி தோண்டிக் கான்கிரீட் போட முடியாது. வேலை தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். எனவே மழையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: செப்டம்பருக்குள் பதித்து முடிக்க வேண்டும், பதித்த பிறகே முழுப் பணம் தர வேண்டும். இந்த இரண்டும் ஆர்டரிலேயே இருக்கட்டும்.

பின்னோக்கி எண்ணும்போது டெண்டருக்கு விலைப்புள்ளி தர எத்தனை நாள்? தமிழக விதிப்படி 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள்.

சிமென்ட் பெஞ்சா? வார்த்து 28 நாள் கழித்து ஏற்றச் சொல்லுங்கள்.

எஃகு பெஞ்சா? உப்புக் காற்றுக்கு 316 ரகம். போல்ட்டும் அதே ரகம்.

பறவைகள் சரணாலய எல்லைக்குள்ளா? வனத்துறை அனுமதிக்கான நாட்களையும் கூட்டுங்கள்.

எங்கே கேட்பது? மே 1 கிராம சபையில். ஆர்டர் நகலை வாசிக்கச் சொல்லுங்கள். 'பதித்துத் தர வேண்டும்' என்ற வரி இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைக்குக் கேட்டால் மழைக்கு முன் ஐந்து மாதம் கையில் இருக்கும்.