கேட்கும் கருவி பேசாமை ஏன்?

மோட்டார் வண்டியிற் பூட்டப்பெற்ற வானொலிக் கருவியொன்று பிறர் பேச்சைத் தெளிவாகக் கேட்பிக்கின்றது. ஆயின் உரியவர் பொத்தானை அமுக்கிப் பேசினால் மறுமொழி வருவதில்லை. சிலவேளை கருவியின் விளக்கே அணைந்து மீண்டும் எரிகின்றது. ‘ஹாம்’ என வழங்கும் பொழுதுபோக்கு வானொலியாளர் பலரும் என்றேனும் எதிர்ப்படும் இடர் இது. ‘கேட்கின்றது, ஆகவே மின் குறைவற வருகின்றது, அலைக்கம்பியும் நன்று, பழுது உள்ளேதான்’ என முடிவுகட்டிக் கருவியைத் திறக்க முற்படுவோர் உளர். தருக்க நூலார் ஏதுப்போலி என்று கூறும் வழு இதுவே.

இவ்விடரைச் சிறிதென ஒதுக்குதல் இயலாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமானின் போர்ட் பிளேயர் நகரில் தொலைபேசித் தொடர்பு அற்றது. பொழுதுபோக்கு வானொலிப் பணிக்காக முன்னரே அங்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர் குழுவினருமே செய்திகளை அக்கரைக்கு எட்டச் செய்தனர். மின்வழங்கலும் தொலைபேசியும் வீழ்ந்த நாளில், வண்டியின் பற்றரியால் இயங்கும் கருவியின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். அந்நாளிற் கேட்கமட்டும் வல்ல கருவி அரைக்கருவியே.

கேட்டலுக்கும் பேசுதலுக்கும் வேண்டும் ஆற்றல் ஒப்பிடத்தக்கதன்று. அலைக்கம்பியில் ஓர் உவோற்றின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு எழுந்தாலே வாங்கும் பகுதிக்குப் போதும். கருவி அப்போது பற்றரியிலிருந்து ஏறத்தாழ அரை அம்பியரே இழுக்கும். 50 உவாற்று ஆற்றலுடன் அனுப்பும்போதோ 10 அம்பியருக்கு மேலும் இழுக்கும். இடையிலுள்ள கம்பியிலும் இணைப்புக்களிலும் துருவேறி 0.2 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்க. கேட்கும்போது அங்கு இழக்கப்படுவது 0.1 உவோற்று, எவரும் அதனை உணரார். 12 அம்பியர் பாயும்போது இழப்பு 2.4 உவோற்று! எந்திரம் நிறுத்தப்பட்ட வண்டியின் 12.6 உவோற்று 10.2 ஆகிவிட, கருவி மயங்கி அணைகின்றது. பொத்தானை விட்டதும் அழுத்தம் மீள்வதால், பின்னர் அளந்து பார்ப்பவருக்குக் குற்றம் யாதும் புலப்படாது. ஆதலால் உவோற்றுமானியைக் கருவியின் முனையில் வைத்து, அனுப்பும்போதே அளத்தல் வேண்டும். சிகரெட் பற்றவைக்கும் குழியிலிருந்து மின் எடுப்பது இவ்வகைத் தொல்லைக்கு வழக்கமான பிறப்பிடம். பற்றரியிலிருந்து நேரே தடித்த கம்பி இழுத்து, பற்றரியின் அருகே உருகி அமைப்பதே தக்கது.

அழுத்தம் குறையாதாயின் அடுத்து அலைக்கம்பியை ஐயுறலாம். 2 மீற்றர்ப் பட்டைக்குரிய கால் அலைக் கம்பி ஏறத்தாழ அரை மீற்றர் நீளமுடையது. வண்டியின் உலோகக் கூரையே அதன் மறுபாதியாகத் தொழிற்படும். கூரையோடு தொடர்பு குன்றினாலோ, வடத்தினுள் நீர் புகுந்தாலோ, அனுப்பிய ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வரும். நிலையலை விகிதம் 3 ஆயின் காற்பங்கு மீளும். தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அப்போது பல கருவிகள் ஆற்றலைத் தாமே குறைத்துவிடும். வாங்கும் பகுதிக்கோ, அருகிலுள்ள வலிய நிலையமாயின், வளைந்த ஆணியொன்றே போதும்.

ஈண்டு உதவுவது 50 ஓம் போலிச்சுமை. அலைக்கம்பியைக் கழற்றி அதனை இணைத்துக் குறைந்த ஆற்றலில் அனுப்பினால், கருவி செவ்வனே இயங்குமாயின் குற்றம் பெரும்பாலும் வெளியே உளது எனலாம். ஓம்மானியை மட்டும் நம்புதல் ஆகாது. சில அலைக்கம்பிகள் அடியிலுள்ள சுருளினால், நற்கம்பியாயினும் குறுஞ்சுற்றுப் போலவே காட்டும்.

பொத்தானை அமுக்கியும் அனுப்புங் குறிவிளக்கு எரியாதாயின், ஒலிவாங்கியின் சுருண்ட வடத்தில் இழையொன்று அறுந்திருக்கலாம். நாள்தோறும் இழுபடுவது அதுவன்றோ? வேறோர் ஒலிவாங்கியை மாட்டிப் பார்த்தால் ஐயம் நீங்கும். உரிமம் இல்லாத மீடிறனில் அனுப்ப மறுக்குமாறு கருவி அமைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

இனி, விளக்கும் எரிந்து ஆற்றலும் வெளிச்சென்று, மீள்பரப்பி மட்டும் வாளாவிருப்பதும் உண்டு. அப்பட்டையில் மீள்பரப்பி கேட்கும் மீடிறனும் பேசும் மீடிறனும் பெரும்பாலும் 600 கிலோஹேர்ட்ஸ் வேறுபட்டவை, அன்றியும் 88.5 ஹேர்ட்ஸ் போன்ற மெல்லிய தொனியொன்று உடன் வந்தாலன்றிப் பல மீள்பரப்பிகள் திறவா. பற்றரி மாற்றியபோது நினைவு அழிந்த கருவி இவ்விரண்டையும் மறந்திருக்கக் கூடும். கருவியிற் பழுது எதுவுமின்றியே பட்டறைக்குச் செல்லும் கருவிகளுட் சில இத்தகையன.

இவையாவும் ஒழிந்த பின்னரே இறுதிப் பெருக்கியின் திரான்சிஸ்டரைக் குறைகூறலாம். அதுவும் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அலைக்கம்பியைக் கழற்றியதை மறந்து எவரோ பொத்தானை அமுக்கியிருப்பார்.