வலி தணிக்கும் துணைமருந்துகள்: ஓர் ஒப்பீடு

மூட்டு மாற்று அறுவைக்கும் இடுப்பெலும்பு முறிவு அறுவைக்கும் பின்னர் எழும் வலி கடுமையானது. அதனைத் தணிப்பது நோயாளியின் ஆறுதலுக்காக மட்டும் அன்று. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருந்தால் மூட்டு இறுகும். நாளங்களில் குருதி உறையவும் கூடும். விரைவில் எழுந்து நடக்க வலி அடங்கியிருக்க வேண்டும்.

அதற்குரிய வழிகளுள் ஒன்று எபிடியூரல். தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே ஒரு குறுகிய இடைவெளி உண்டு. முதுகின் வழியே அவ்விடத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதனூடே மருந்தைச் செலுத்துவர். ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகெஸ் 1921ஆம் ஆண்டில் இம்முறையை விவரித்து எழுதினார். வழக்கில் இதனையும் ‘மயக்க மருந்து’ என்கிறோம். அச்சொல் இங்குப் பொருந்தாது. இதனை மட்டும் பெற்றவர் மயங்குவதில்லை. அவருடைய உடலின் கீழ்ப்பகுதியே மரத்துப்போகிறது. ஆதலால் ‘மரப்பு மருந்து’ என்பதே தகும்.

பியூபிவக்கெய்ன் போன்ற மரப்பு மருந்து, நரம்புகளின் வழியே செய்தி செல்வதைத் தடுக்கிறது. எனினும், வலியை உணர்த்தும் நரம்பையும் தசையை இயக்கும் நரம்பையும் அது முற்றாகப் பிரித்தறிவதில்லை. அளவைக் கூட்டினால் வலியோடு காலின் வலுவும் குன்றும். இரத்த அழுத்தமும் தாழும். அளவைக் குறைத்தால் வலி மீளும். இவ்விக்கட்டைத் தீர்க்கவே துணைமருந்து சேர்க்கப்படுகிறது. வேறொரு வழியில் அது வலியைத் தடுப்பதால், மரப்பு மருந்தின் அளவைக் குறைக்க இயலுகிறது.

துணைமருந்துகளுள் மார்ஃபினும் ஃபென்டனிலும் ஓரினத்தவை. ஆயினும் ஃபென்டனில் கொழுப்பில் எளிதில் கரையும். மார்ஃபின் அவ்வாறு கரைவதில்லை. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே மற்றவை பிறக்கின்றன. ஃபென்டனில் விரைந்து பயன் தரும். சில மணி நேரத்தில் அடங்கும். மார்ஃபின் மெல்லத் தொடங்கும். ஒருமுறை செலுத்தினால் ஏறத்தாழ 24 மணி நேரம்வரை பயன் தரலாம். ஆனால், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் கலந்து மூளையை நோக்கி மெல்ல ஏறுவதால், பல மணி நேரம் கழித்தும் மூச்சு மந்தமாகலாம். ஆகவே நெடுநேரக் கண்காணிப்பு வேண்டும். அரிப்பு, குமட்டல், சிறுநீர் கழிப்பதில் தடை ஆகியனவும் நேரும்.

குளோனிடினும் டெக்ஸ்மெடிடோமிடினும் வேறினத்தவை. இவற்றால் அரிப்பு மிகுவதில்லை. மூச்சும் பெரிதும் மந்தமாவதில்லை. ஆனால் இரத்த அழுத்தம் தாழலாம், இதயத்துடிப்பு குறையலாம், உறக்கம் மிகலாம்.

ஆகவே, யாவர்க்கும் சிறந்த துணைமருந்து எனவொன்று இல்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயுள்ளவருக்கு மார்ஃபின் இடர் மிக்கது. இதயத்துடிப்பு முன்னரே குறைந்தவருக்குக் குளோனிடின் ஏற்றதன்று. நோயாளி தம் பழைய நோய்களையும் உண்ணும் மருந்துகளையும் முன்கூட்டியே சொன்னால்தான் மருத்துவர் சரியாகத் தேர்ந்தெடுக்க இயலும்.

இங்கே மொழிக்கும் ஒரு கடமை உண்டு. முதியோருக்கும் மருத்துவருக்கும் இடையே பேரப்பிள்ளைகள் மொழிபெயர்ப்பதை நாம் காண்கிறோம். ‘கால் சரியில்லை’ என்று பாட்டி சொன்னால், அது வலியா, மரப்பா, வலுவின்மையா எனக் கேட்டறிந்து சொல்ல வேண்டும். வலி என்றால் மருந்தின் அளவை மாற்றலாம். மரப்பும் வலுவின்மையும் குறையாமல் மிகுந்தால், குழாய் பொருத்திய இடத்தில் குருதி கசிந்து தண்டுவடத்தை அழுத்துகிறதோ என உடனே ஆராய வேண்டும். அதில் தாழ்த்தால் கால்கள் நிலையாகச் செயலிழக்கக்கூடும். மூன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அவற்றை வேறுபடுத்திப் பேச மாணவர்களைப் பழக்குவோம்.