பழைய துப்பாக்கி கைமாறும்போது

கண்டியிலிருந்து குருநாகல் செல்லும் வீதியிலுள்ள கலகெதர, கண்டி இராச்சியத்தின் காவலரண்களுள் ஒன்று இருந்த இடமாகும். 1803 இல் ஜெனரல் மெக்டொவலின் படை இவ்வழியாகவே தலைநகரை நோக்கி ஏறிற்று. இன்று அப்பகுதியில் துப்பாக்கிக்கு வேலை கொடுப்பவை காட்டுப்பன்றியும் குரங்கும்தான். மரவள்ளியோ வற்றாளையோ நட்டவன் அறுவடை வரை கண்விழிக்க வேண்டியிருக்கிறது. பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெறுவோரில் பலர் நாடுவது, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும் பழைய '12 போர்' வேட்டைத் துப்பாக்கியையே.

கைத்துப்பாக்கியின் நிலை வேறு. அதற்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ளது. தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட ஆயுதங்களை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்குமாறு 2024 நவம்பரில் அமைச்சு பணித்ததை வாசகர்கள் அறிவர். எனினும் தேய்மானத்தை மதிப்பிடும் முறை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. ரிவோல்வராயின், சுத்தியல் பின்னிழுக்கப்பட்ட நிலையில் சுழலுருளை ஆடுகின்றதா என்பதை மேலதிகமாகப் பார்க்க வேண்டும். அது ஆடினால் குண்டு குழலின் வாயில் நேராகப் புகாது. சிதறும் ஈயம் சுடுபவரையும் அருகில் நிற்பவரையும் தாக்கக்கூடும்.

வாங்குபவர் முதலில் ஏமாறுவது பளபளப்பில்தான். பல தசாப்தங்கள் உழைத்த துப்பாக்கியில், கை படும் இடங்களில் நிறம் மங்கியிருப்பது இயல்பு, அது குறையன்று. மாறாக, உடல் முழுவதும் புதுக்கருமை பூண்டு, பொறித்த எழுத்துகள் மழுங்கி, கூரிய விளிம்புகள் உருண்டு காணப்பட்டால், எவரோ அராவித் தேய்த்துத் துருவின் குழிகளை மறைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். திருகாணிகளின் தலைகள் சிதைந்திருப்பின், பழக்கமற்ற கை உள்ளே புகுந்திருக்கிறது.

துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டா அறை வெறுமையாயிருப்பதைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் உறுதிசெய்த பின்னரே மற்றைய சோதனைகளைத் தொடங்க வேண்டும். குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கும்போது உட்சுவர் கண்ணாடிபோல் தெரியவேண்டும். சிறு புள்ளிகள் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். ஆனால் நடுவில் நிழல்போல் ஒரு கரு வளையம் தோன்றுமாயின், அவ்விடத்தில் குழல் வீங்கியுள்ளது என்பதே பொருள். சேறோ துணியோ அடைத்திருந்த நிலையில் எப்போதோ சுடப்பட்டிருக்கும். அதை இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது. இரட்டைக் குழலாயின், தொங்கவிட்டு மரத்துண்டினால் மெல்லத் தட்டினால் மணியோசை எழவேண்டும். கரகரப்பான ஒலி எழுந்தால் குழல்களை இணைத்த பற்றாசு விட்டுப்போயிருக்கலாம்.

அடுத்தது பொருத்து. முன்மரத்தைக் கழற்றிவிட்டு, பிடிமரத்தைப் பற்றி அசைக்கும்போது குழல் ஆடக் கூடாது. குழலின் பின்முகத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால், தோட்டாவின் வெடிவாயு முகத்தை நோக்கிப் பாய வழியுண்டு. மரத்தின் கழுத்துப் பகுதியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

தோட்டத்துரைமார் காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் இன்னுமோர் ஆபத்து உண்டு. அவற்றுட் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கென அமைந்தது. இன்று பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீற்றர். நீளமான தோட்டாவும் உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும் என்பதே இதன் வஞ்சகம். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும். குழலின் அடியில் இலண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனை நிலையங்கள் இட்ட முத்திரைகளுடன் அறையின் அளவும் பொறிக்கப்பட்டிருந்தால் அதனை வாசித்தறிவது அவசியம். இரும்பும் உருக்கும் முறுக்கி இணைத்த, வரிவரியாய் அழகு காட்டும் டமஸ்கஸ் குழல்கள் சுவரில் மாட்டுவதற்கே உகந்தவை. 'கல்கட்டஸ்' எனும் உள்ளூர்த் தயாரிப்பைப் பற்றி இங்கே பேசவே வேண்டியதில்லை. அது சட்டவிரோதமானது, சுடுபவருக்கே எமன்.

இரும்பைச் சோதிப்பவர்கள் காகிதத்தைச் சோதிக்க மறந்துவிடுகிறார்கள். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் ஆளுக்கே உரியது. துப்பாக்கியோடு சேர்ந்து அது கைமாறாது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். தந்தையின் பெயரிலிருந்த துவக்கு அலுமாரியின் மேல் கிடக்கிறது என்று மகன் அலட்சியமாக இருப்பதும், அதனை அயலவருக்கு வாய்ப்பேச்சில் விற்பதும் குற்றமாகவே முடியும். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்களின் வீடுகளில் நடந்த தேடுதல்களில் வாளும் கத்தியும்கூடக் கைதுக்குக் காரணமாயின. போர்க்காலச் சோதனைகளைக் கண்ட தமிழருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பத்திரமற்ற துப்பாக்கி அகப்பட்டால் விளக்கம் சொல்ல எவருக்கு அவகாசம் கிடைக்கும்?

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் மாவட்டச் செயலகத்தில் கைமாற்றத்துக்கான அனுமதியை விசாரித்தறிவதும், துப்பாக்கியிற் பொறித்த இலக்கத்தைப் பத்திரத்திலுள்ள இலக்கத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதும் வாங்குபவரின் வேலை. இலக்கம் அராவப்பட்டிருந்தால், குழல் எவ்வளவு பளிச்சிட்டாலும் பேரம் அவ்விடத்திலேயே முடிகிறது.