உங்களுக்குத் தெரியுமா? முழுசாகத் திறந்தாலும் வடிகட்டும் குமிழ்

எலெக்ட்ரிக் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பத்து வரை திருகி வைத்தாலும், அதன் அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர் சும்மா இருப்பதில்லை. பிக்கப் தரும் சிக்னலில் கொஞ்சத்தை எர்த்துக்கு வடியவிட்டபடியே இருக்கிறது. முதலில் அடிபடுவது கணீரென்ற உச்ச ஒலிகள்தான். பொட்டென்ஷியோமீட்டரின் மின்தடை குறையக் குறைய ஒலி மழுங்கும்.

அதனால்தான் இயல்பிலேயே பளிச்சென்று ஒலிக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு, ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருப்பதுபோல, 250 கிலோ ஓம். கனத்த குரல் கொண்ட இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்குப் பெரும்பாலும் 500. ஆனால் 1958இல் வந்த ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர், ஒற்றைச் சுருள்தான் என்றாலும், வால்யூமுக்கு 1 மெகா ஓம் வைத்தது! அந்தக் கிட்டாரின் கூர்மையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

டோன் குமிழையும் சேர்த்தே எண்ண வேண்டும். 250இல் இரண்டு இருந்தால், உச்ச ஒலிகளுக்கு அவை சேர்ந்து ஏறக்குறைய 125 கிலோ ஓம்தான்.

கடையில் 500 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். அதாவது 400 முதல் 600 வரை. சாலிடர் வைக்கும் முன் மல்டிமீட்டரை இரண்டு ஓரக் கால்களிலும் வைத்து அளந்து பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் ஹம்பக்கருக்கு, கூடுதல் காட்டுவதை எடுத்து வையுங்கள்.