தானாக அணையும் கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் பழுதுகளில் நம் பொறுமையை அதிகம் சோதிப்பது, அது தானாக அணைந்துவிடுவதுதான். ஒரேயடியாகக் கெட்டுப்போனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, அமெரிக்காவில் இருக்கும் பேத்தியோடு பேசும்போதோ வருமான வரிப் படிவத்தை நிரப்பும்போதோ 'டப்'பென்று அணைந்து, மறுபடி பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல் எழுந்து நிற்கும் இயந்திரத்தை என்ன செய்வது?

ரயில்வே சிக்னல் பிரிவில் இதற்கு நிகரான தொல்லை ஒன்று உண்டு. வந்து வந்து போகும் பழுது. நிலையான பழுதை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். நாம் போய்ப் பார்க்கும்போது மட்டும் சரியாக இருக்கும் பழுதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். அதோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டிய பழக்கத்தில், நம் சங்க அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நோயா, காவலா?

தண்டவாளத்தில் 'டிராக் சர்க்யூட்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. 1872-ல் அமெரிக்கரான வில்லியம் ராபின்ஸன் காப்புரிமை பெற்றது. தண்டவாளங்களின் வழியே பாயும் சிறு மின்னோட்டம் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்ததும் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும்கூட ரிலே விழத்தான் செய்யும். சந்தேகம் என்றால் நிறுத்து என்பதே அதன் தத்துவம்.

கம்ப்யூட்டரிலும் இதே தத்துவம் இருக்கிறது. 2001-ல் 'டாம்ஸ் ஹார்ட்வேர்' என்ற கம்ப்யூட்டர் ஆய்வு இதழ் ஒரு சோதனை செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸரின் மேலிருந்து, சூட்டை இழுக்கும் உலோகப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அத்லான் பிராசஸர் சில விநாடிகளில் கருகிப்போயிற்று. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டது. இன்றைய பிராசஸர்கள் எல்லாவற்றிலும் அந்தக் காவல் உண்டு. பெரும்பாலானவை 100 டிகிரி செல்ஷியஸை ஒட்டிய சூட்டில் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் மின்சாரத்தை நிறுத்தும். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் அப்படித்தான். பளு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

ஆகவே அணைகிறதே என்று இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன், எதைக் கண்டு அணைகிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் நகல், அடுத்து குறிப்பு

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, புகைப்படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வைப்பது. திடீர் திடீரென்று அணைவதால் டிஸ்கில் உள்ளவை பழுதாகலாம். தவிர, ரிப்பேருக்குப் போன இடத்தில் 'ஃபார்மட்' செய்துவிட்டால் போனது போனதுதான்.

இரண்டாவது, குறிப்பு எழுதுவது. தேதி, நேரம், ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் வேறு என்ன ஓடியது, விளக்கு சிமிட்டியதா. இவ்வளவு போதும். சிக்னல் பழுதுகளுக்கு எங்கள் ஸ்டேஷன்களில் பதிவேடு இருக்கும். அதைப் புரட்டினாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

இதன் அருமையை ஒரு நிகழ்ச்சி விளக்கும். செகந்திராபாத் மாரேட்பள்ளியில் நமக்குத் தெரிந்த தம்பதியர். கணவர் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் கம்ப்யூட்டர் இப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. ஒரு கடையில் கொடுத்தார்கள். அங்கே 3 நாள் ஓடியது, ஒரு தடவைகூட அணையவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே அணைந்தது. மறுபடி கொண்டு போனதும், "மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள், இதை ஃபார்மட் செய்து யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று பதில் வந்தது. அந்த டிஸ்கில் இருந்தவை: மகனின் சிறுவயதுப் படங்கள், பழைய கேசட்டிலிருந்து ஏற்றிவைத்த, காலஞ்சென்ற தாயார் பாடிய திருப்புகழ். கேசட்டோ எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. வேறு நகல் கிடையாது.

அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அம்மாள் தினசரி காலண்டர் தாள்கள் சிலவற்றை எடுத்து வந்தார். "எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது சார். அது அணையற நேரத்தை மட்டும் எழுதி வெச்சேன்" என்றார். தாள்களின் பின்புறத்தில் 11 குறிப்புகள். அவற்றில் 9 மாலை 6.15-க்கும் 6.40-க்கும் நடுவே. மீதி 2 காலை 7 மணி வாக்கில்.

நேரம் கட்டும் பழுது கம்ப்யூட்டருக்குள் பிறப்பது அபூர்வம். மறுநாள் மாலை அங்கே போய் உட்கார்ந்தோம். ஆறரைக்கு வாட்ச்மேன் கீழே மோட்டாரைப் போட்டார். டியூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டியது. யு.பி.எஸ். 'க்ளிக்' என்றது. கம்ப்யூட்டர் அணைந்தது. மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழும். யு.பி.எஸ். உடனே பேட்டரிக்கு மாறும். பேட்டரியோ செத்துப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. கடையில் அந்த யு.பி.எஸ்.ஸும் இல்லை, அந்த மோட்டாரும் இல்லை. அதனால்தான் அங்கே ஒழுங்காக ஓடியது. பேட்டரி ஒன்று மாற்றியதோடு காரியம் முடிந்தது. பாட்டியின் திருப்புகழை அன்றே இரண்டு இடங்களில் நகல் எடுத்தோம்.

இயந்திரமே எழுதும் டயரி

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கி அந்தப் பெயரை எழுதித் தேடினால் வரும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்' என்பதைத் திறந்து, அணைந்த நேரத்துக்கு அருகே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 1074 என்றிருந்தால் ஒரு புரோகிராமோ ஆளோ கேட்டுக்கொண்டபடி முறையாக அணைந்தது என்று பொருள். பெரும்பாலும் அப்டேட் வேலையாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. 41 அல்லது 6008 என்றிருந்தால் முறைப்படி அணையாமல் நடுவழியில் நின்றது என்று பொருள். ஏன் நின்றது என்று அந்த எண் சொல்லாது. அதற்கு நாம்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது?

வெளியிலிருந்து உள்ளே போவதுதான் முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

மின்சாரம்: பிளக் தளர்ந்திருக்கிறதா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகும் வயரையும் அழுத்திவிடுங்கள். வேலைக்காரப் பெண் பெருக்கும்போது வயர் அசைந்து அணையும் வீடுகள் உண்டு. யு.பி.எஸ். பேட்டரி நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று ஆண்டுதான் உழைக்கும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைப் போட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பல்பு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்றால் அதைத் தள்ளிப் போடவே கூடாது.

சூடு: ஆன் செய்து அரை மணி, ஒரு மணி கழித்தோ, வீடியோ மாதிரி பளுவான வேலையின்போதோ அணைந்தால் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹைதராபாத்தில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அடுத்த மனையில் கட்டட வேலை நடந்தால் பாறைத் தூள் வீடு முழுக்கப் படியும். இதோடு நம் வீட்டு வழக்கங்களும் சேரும். கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் அதைத் தள்ளி, எம்ப்ராய்டரி போட்ட உறையும் மாட்டிவிடுகிறோம். அது எப்படி மூச்சுவிடும்? சுவரிலிருந்து அரையடியாவது தள்ளி வைக்கவும். வருஷத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டவும். அப்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளவும். ஈரத்துணி கூடவே கூடாது. பிராசஸருக்கும் அதன் மேலுள்ள உலோகப் பகுதிக்கும் நடுவே தடவியிருக்கும் பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துவிடும். அதை மெக்கானிக்கிடம் சொல்லிப் புதிதாகத் தடவச் செய்யலாம்.

எஸ்.எம்.பி.எஸ்.: மேற்சொன்ன இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் இதன்மேல். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து நல்ல பெட்டியை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதே சிறந்த சோதனை. இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும்.

கண்டென்சர் என்றதும் ஒரு பழைய கதை. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் தரமற்ற திரவம் நிரப்பிய கண்டென்சர்கள் உலகமெங்கும் மதர்போர்டுகளில் புகுந்துவிட்டன. தலை உப்பி, கசிந்து, கம்ப்யூட்டர்கள் காரணமில்லாமல் நின்றன. டெல் நிறுவனம் இவ்வகைப் பழுதுகளைச் சரிசெய்ய 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஆகவே பக்கத் தகட்டைத் திறக்கும்போது மதர்போர்டில் உள்ள சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் மதர்போர்டு போயிற்று என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

ராம்: அணைவதற்கு முன் நீலத் திரை வந்தால் இதையும் பார்க்க வேண்டும். கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திச் செருகினாலே பல சமயம் சரியாகும். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனையும் இருக்கிறது.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதீர்கள், காற்று போகும் வழி அடைபடும். அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

செய்யக்கூடாத ஒன்று

அணைவது தொல்லையாக இருக்கிறது என்று, அணையச் சொல்லும் சூட்டின் அளவை உள்ளே போய் உயர்த்தி வைக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஃபியூஸ் அப்புறம் போகாது. வயர்தான் எரியும். சிக்னல் சிவப்பாக இருப்பது எரிச்சலூட்டுகிறது என்று பல்பைக் கழற்றிவிட்டு வண்டியை விடுவாரில்லை.

இவ்வளவு பார்த்தும் பிடிபடாவிட்டால் தயங்காமல் கடைக்குப் போங்கள். நம் பார்க் லேன் செனாய் டிரேட் சென்டரில் கைராசிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. போகும்போது கம்ப்யூட்டரோடு அந்தக் குறிப்புத் தாளையும் கொண்டு போங்கள். டாக்டரிடம் போகும் நோயாளி, காய்ச்சல் எப்போது வருகிறது என்று சொல்லத் தெரிந்தவராக இருந்தால் பாதி வைத்தியம் ஆயிற்று. ஃபார்மட் செய்யலாமா என்று அவர்கள் கேட்டால், நகல் கையில் இருக்கும்போது மட்டும் 'சரி' என்று சொல்லுங்கள்.