கண்புரையும் கந்தகப் பொறியும்

வயோதிகத்தில் கண்ணின் வில்லை மங்கிப் பார்வை பனிமூட்டமாகும் கண்புரைக்குச் சொட்டு மருந்தோ பச்சிலையோ பரிகாரமன்று. அவ்வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் சஸ்திர சிகிச்சையே வழி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் கத்தி பிடிக்கப் பழகிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992 முதல் அவ்வில்லையை மதுரையிலேயே மலிவாகச் செய்வித்து ஏழைக்கும் எட்டச் செய்தது எத்தகைய மகத்தான தர்மம்!

சிவகாசி வட்டாரப் பட்டாசு வேலையில் வெடிமருந்துத் துகள் கண்ணில் விழுந்தாலோ, கசக்காமல், சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவி உடனே மருத்துவரை நாடுங்கள். ஏதேனும் குத்தி நின்றாலோ, பிடுங்காமல், கழுவாமல், கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கிண்ணத்தால் மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.